ஸ்கோப்பைத் திரும்ப மாட்டும் முன் ஸ்க்ரூவில் ஒட்டியிருக்கும் பழைய லாக்டைட்டை எப்படி எடுப்பது?

கேள்வி இதுதான்: நீங்கள் மிச்சிகனில் இருக்கிறீர்கள், செகண்ட் ஹேண்டில் ஒரு ரெமிங்டன் 700 வேட்டைத் துப்பாக்கி வாங்கியிருக்கிறீர்கள். பழைய ஸ்கோப்பையும் (குறி பார்க்கும் தொலைநோக்கி) அதைப் பிடிக்கும் ரிங்கையும் கழற்றியாயிற்று. ரிங் உட்காரும் பட்டையான பேஸைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் 4 ஸ்க்ரூவில் 3 வந்துவிட்டன, ஒன்று அசைய மறுக்கிறது. வந்த மூன்றிலும் மரை முழுக்க வெளிர்நீலமாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது. ராத்திரி முழுக்க அசிட்டோனில் ஊறப்போட்டும் கரையவில்லை. இதைவிடக் காரமான கரைப்பான் உண்டா, இல்லை அதன் மேலேயே புது லாக்டைட்டை (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) விட்டு மாட்டிவிடலாமா என்கிறீர்கள். நவம்பர் 15 அன்று மான் சீசன் தொடங்குவதால் அவசரம் வேறு.

ஸ்க்ரூ பளபளவென்று ஆக வேண்டும் என்பது உங்கள் கவலை இல்லை என்று நினைக்கிறேன். புது ஸ்கோப்பின் ஜீரோ, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி செய்த அமைப்பு, நகராமல் நிற்குமா என்பதுதான் கவலை. அப்படியானால் நீங்கள் தப்பான பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்க்ரூ சில டாலர் சமாச்சாரம், பிடிக்கவில்லை என்றால் தூக்கிப்போட்டுவிட்டு புது செட் வாங்கலாம். அதே பொருக்கின் மறுபாதி ரிசீவரில் (குழலும் போல்ட்டும் பொருந்தும் துப்பாக்கியின் இரும்பு உடல்) இருக்கும் துளைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத் தூக்கிப்போட முடியாது. வேலை அங்கேதான்.

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனி டூல் ரூமில் 9 வருஷம், அப்புறம் ஓஹையோவில் ஒரு சின்ன துப்பாக்கி ரிப்பேர் கடையில் 11 வருஷம் இருந்தவன். கடையில் என் கைக்கு வந்தவை பெரும்பாலும் உங்களுடையது மாதிரி, போல்ட் என்ற இரும்பு உருளையைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கிகள்தான். கீழே சொல்வது அந்த வகைக்குப் பொருந்தும்.

முதலில் அசிட்டோன் ஏன் தோற்றது என்று பார்த்துவிடலாம். லாக்டைட் மாதிரியான பசை காய்ந்து இறுகுவதில்லை. கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் க்ரீபிள் 1953-இல் உருவாக்கியது இது. காற்று பட்டுக்கொண்டிருக்கும் வரை திரவமாக இருக்கும். காற்று போக முடியாத இடுக்கில், இரும்போ செம்போ பக்கத்தில் இருந்தால், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகும். பாட்டிலைப் பாதிதான் நிரப்பித் தருகிறார்கள், பார்த்திருப்பீர்கள். ஏமாற்று வேலை இல்லை, மேலே காற்று இருந்தால்தான் உள்ளே இறுகாமல் இருக்கும். ஒருமுறை பின்னிக்கொண்டால் அவ்வளவுதான். உப்பைத் தண்ணீரில் போட்டால் கரையும், வெந்த முட்டையைப் போட்டால் கரையுமா? அசிட்டோன் அந்தப் பொருக்கை ஊறவைத்துக் கொஞ்சம் இளக்கும், உப்பவைக்கும். கரைக்காது. தயாரிப்பாளர்களின் தாளிலேயே, இறுகியதை எடுக்க கரைப்பானில் ஊறவைத்து வயர் பிரஷ்ஷால் தேய்க்கவும் என்றுதான் இருக்கும். வெறும் ஊறல் போதும் என்று அவர்களும் சொல்வதில்லை.

ஊறியும் கரையாததால் ஒரு சந்தேகம் தீர்ந்தது. இங்கே பழைய ஆட்கள் பலர் லாக்டைட்டுக்குப் பதில் நெயில் பாலிஷ் தடவுவார்கள். அது அசிட்டோன் பட்டதும் சாயம் போல ஓடிவிடும், உங்களுடையது ஓடவில்லை. ஆனால் இன்னொரு சாத்தியம் இருக்கிறது. சிலர் பேஸையே எபாக்சி போட்டு ரிசீவரில் ஒட்டிவிடுவார்கள். அதுவும் அசிட்டோனுக்கு அசையாது. பேஸ் ஓரத்தில் ரிசீவரோடு சேரும் கோட்டைப் பாருங்கள். பிசின் மாதிரி ஒரு விளிம்பு ஓடினால் அது எபாக்சி. மரையில் மட்டும் நீலமோ வெள்ளையோ பொடி இருந்தால் லாக்டைட் வகை. நீங்கள் அனுப்பிய படத்தை மட்டும் வைத்து நான் இதை அடித்துச் சொல்ல மாட்டேன், துப்பாக்கி உங்கள் கையில் இருக்கிறது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். எபாக்சி என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

காரமான கரைப்பான் உண்டா என்றால், உண்டு. மெத்திலீன் குளோரைடு இந்தப் பொருக்கை நன்றாகவே தின்னும். பழைய பெயின்ட் ரிமூவரிலும் கேஸ்கெட் ரிமூவரிலும் அதுதான் இருந்தது. மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்துப் பலர் செத்திருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019-இல் வீட்டு உபயோக பெயின்ட் ரிமூவரில் அதைத் தடை செய்தது, 2024-இல் மற்ற வீட்டு உபயோகங்களுக்கும் தடையை விரித்தது. கராஜ் மூலையில் யாரோ வைத்துவிட்டுப் போன பழைய டப்பா கிடைத்தாலும் தொடாதீர்கள். நான்கு ஸ்க்ரூவுக்காக அது வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். குண்டு இல்லை என்று துப்பாக்கியின் தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, போல்ட்டை உருவித் தனியே வையுங்கள். தோட்டாப் பெட்டி நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே இருக்கக் கூடாது.

அசையாத அந்த ஒரு ஸ்க்ரூதான் முதலில். லாக்டைட்டில் நீல வகை சாதாரணமாகக் கைக்கருவிக்கே விட்டுக்கொடுக்கும். விடவில்லை என்றால் மூன்றில் ஒன்று: அதைவிடப் பலமாகப் பிடிக்கும் சிவப்பு வகையைப் போட்டிருக்கிறார்கள், நட்சத்திரக் குழிக்குள் பொருக்கு நிரம்பியிருப்பதால் பிட் முழு ஆழத்துக்கு இறங்கவில்லை, அல்லது துரு. பெரும்பாலும் இரண்டாவதுதான், அதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு குண்டூசியை எடுத்துக் குழியின் ஆறு மூலையையும் கிளறி, அடித்தட்டு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுங்கள். பிட்டை வைத்துச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் அது உட்கார்ந்துவிட்டது என்று சத்தமே சொல்லும். மந்தமான சத்தம் வந்தால் இன்னும் பொடி இருக்கிறது. அப்புறமும் வரவில்லை என்றால் சூடுதான். சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் இரண்டு மூன்று நிமிஷம் அழுத்திப் பிடித்து, ஆறுவதற்குள் திருப்புங்கள். சிவப்பு வகைக்கு சுமார் 250 டிகிரி செல்சியஸ் வேண்டும், நீலம் அதற்கு முன்பே தளரும். காஸ் டார்ச் கூடாது, ரிசீவர் சூட்டுப் பதம் ஏற்றிய இரும்பு. ஸ்கோப் ரிங்கில் இருக்கும்போதும் சூடு காட்டக் கூடாது, உள்ளே வாயுவை அடைத்து வைத்திருக்கும் ரப்பர் வளையங்கள் போய்விடும். நீங்கள் ஏற்கெனவே கழற்றிவிட்டதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் அசிட்டோன் கிண்ணம் அதே மேஜையில் இருந்தால் முதலில் அதை வெளியே கொண்டுபோய் வையுங்கள். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

கழற்றிய ஸ்க்ரூக்களைக் கலந்துவிடாதீர்கள். ஒரு அட்டையில் துப்பாக்கி மேல்புறத்தைக் கோடாக வரைந்து, நான்கு இடத்தில் குத்தி, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே சொருகிவையுங்கள். முன்னாலும் பின்னாலும் நீளம் வேறாக இருக்கலாம். முன்பக்கத் துளையில் நீளமான ஸ்க்ரூவைப் போட்டால் அது குழலின் மரையில் போய் முட்டும், இல்லை போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் அதன் காதுகளை உரசும். குழலில் முட்டிய ஸ்க்ரூ டைட்டாகிவிட்டதாகக் கையை ஏமாற்றும், பேஸோ இன்னும் லூஸாக இருக்கும்.

ஸ்க்ரூவைச் சுத்தம் செய்வது ஐந்து நிமிஷ வேலை. நீங்கள் ஊறவைத்தது வீண் இல்லை, பொருக்கு இளகியிருக்கும். காயும் முன் பித்தளை பிரஷ்ஷால் மரையின் சாய்வை ஒட்டியே தேய்த்தால் உதிரும். கை வலித்தால் ஸ்க்ரூவை நட்சத்திர பிட்டில் மாட்டி, பிட்டை பேட்டரி டிரில்லில் மெதுவாகச் சுற்றவிட்டு, பிரஷ்ஷை மேலே பிடியுங்கள். அசிட்டோன் ஈரம் போன பிறகுதான் டிரில்லை எடுக்க வேண்டும். இரும்பு வயர் பிரஷ் வேண்டாம், கருநீலப் பூச்சை எடுத்துவிடும். பள்ளத்தில் மிஞ்சியதைக் குண்டூசி பார்த்துக்கொள்ளும். போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி: லாக்டைட் 243 மாதிரியான வகைகள் புற ஊதா ஒளியில் ஒளிரும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் சின்ன யூ.வி. டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள், மரைப் பள்ளத்தில் மிச்சம் இருந்தால் நீல வெளிச்சமாகக் கோடுகோடாகத் தெரியும். எல்லாக் கம்பெனிப் பசையும் ஒளிரும் என்று சொல்லவில்லை. ஒளிர்ந்தால் மிச்சம் இருக்கிறது, ஒளிராவிட்டால் குண்டூசியால் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இப்போது துளை. அமெரிக்கத் துப்பாக்கிகளில் பேஸ் ஸ்க்ரூ வழக்கமாக 6-48 மரை. சுமார் 3.5 மி.மீ. தடிமன், ஒரு அங்குலத்துக்கு 48 சுற்று. உங்கள் ரெமிங்டனிலும் யாரும் பெரிதாக்கி 8-40 போடவில்லை என்றால் அதுதான். இது எதற்கு என்றால், நம் ஊர் டூல் பாக்ஸில் கிடக்கும் எம் 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவும் அதே தடிமன்தான். ஆனால் அதன் மரை இடைவெளி 0.6 மி.மீ., இதற்கு 0.53. இரண்டு சுற்று சமர்த்தாகப் போகும், மூன்றாவதில் பிடிக்கும். பழைய பொருக்குதான் பிடிக்கிறது என்று நினைத்து அழுத்தினால் ரிசீவர் மரை காலி.

ரிசீவரைத் துளைகள் கீழே பார்க்கும்படி கவிழ்த்துப் பிடியுங்கள், உதிர்வது உள்ளே போகாமல் தரையில் விழட்டும். பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டுத் துளைக்குள் தடவி, பத்து நிமிஷம் விட்டு, மறுபடி தடவுங்கள். துப்பாக்கிக் கட்டையில் ஒரு சொட்டும் படக் கூடாது. மரக்கட்டையின் வார்னிஷும் சில பிளாஸ்டிக்கும் அசிட்டோனுக்கு இளகிவிடும், முடிந்தால் கட்டையைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் பல் இடுக்கு தேய்க்கும் சின்ன பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்குமே, அதை விட்டுச் சுழற்றுங்கள். இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் 6-48 துளைக்குள் சரியாக நுழையும்.

அதற்கும் மசியாததுக்குப் பெரும்பாலானவர்கள் துளைக்குள் மரை வெட்டும் டேப்பை எடுப்பார்கள். நானும் எடுத்தேன், கடையில் சேர்ந்த இரண்டாவது மாதம். நேராகத்தான் பிடித்திருக்கிறேன் என்று நினைப்பு. ஒரு சுற்று, இரண்டு சுற்று, 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். டேப் பாதி என் கையில், பாதி வாடிக்கையாளரின் ரிசீவருக்குள். டேப் இரும்பு ரிசீவர் இரும்பைவிடக் கடினம், டிரில் போட்டு எடுக்க முடியாது. மின்பொறியால் இரும்பை அரித்தெடுக்கும் ஸ்பார்க் இரோஷன் மெஷின் வைத்திருப்பவரைத் தேடி இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினேன். டேப் வெட்டும் கருவி, பொருக்கு என்றும் மரை என்றும் அதற்குப் பேதம் தெரியாது. கொஞ்சம் சாய்ந்தாலும் நல்ல மரையைச் சீவிவிடும்.

அதற்குப் பதிலாக உங்களிடம் இருக்கும் பழைய ஸ்க்ரூ ஒன்றையே கருவியாக்கலாம். வைஸில் இரண்டு மரத்துண்டுக்கு நடுவே ஸ்க்ரூவைப் பிடித்து, முக்கோண ஊசி அரத்தால் மரையின் குறுக்கே, நுனியிலிருந்து மேல்நோக்கி மூன்று பள்ளம் போடுங்கள். ஒவ்வொன்றும் மரையின் ஆழம் இருந்தால் போதும். அரம் விட்ட பிசிறுகளைப் பித்தளை பிரஷ்ஷால் நன்றாக எடுத்துவிடுங்கள், பிசிறோடு உள்ளே விட்டால் டேப்பை விட்டதற்குச் சமம். பேஸ் இல்லாமல் நேரே துளையில் விரலாலேயே இதைத் திருப்ப வேண்டும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். பொடி அந்தப் பள்ளங்களில் சேரும், வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி விடுங்கள். இரண்டாவது தடவை எடுக்கும்போது பள்ளத்தில் வெள்ளையும் நீலமுமாகப் பல்பொடி மாதிரி அடைந்திருக்கும். அவ்வளவு உள்ளே இருந்ததா என்று இருக்கும். துப்பாக்கி இரும்பைவிட ஸ்க்ரூ கடினமாக இருக்கலாம் என்பதால் பலம் காட்டக் கூடாது, விரல் பலம் மட்டும்.

எப்போது போதும் என்று தெரிந்துகொள்வது சுலபம். சுத்தமான ஸ்க்ரூ சுத்தமான துளையில் கருவி இல்லாமல் விரலாலேயே அடிவரை இறங்க வேண்டும். எங்காவது பிடித்தால் வேலை முடியவில்லை.

ஏன் இவ்வளவு பாடு, அதன் மேலேயே மாட்டினால் என்ன என்று கேட்டீர்களே, அதற்கு இப்போது பதில். பேஸ் ஸ்க்ரூவுக்குப் பொதுவாகச் சொல்லும் டார்க் (முறுக்கும் விசை) 15 முதல் 25 இஞ்ச் பவுண்டு, உங்கள் பேஸ் தயாரித்தவர் என்ன எண் கொடுத்தாரோ அதுதான் கணக்கு. 20 என்று வைத்துக்கொள்வோம், அதாவது சுமார் 2.26 நியூட்டன் மீட்டர். மிகக் கொஞ்சம். இதிலும் நல்ல சுத்தமான ஸ்க்ரூவிலேயே பாதி தலைக்கு அடியிலும், பத்தில் நான்கு பங்கு மரையிலும் உராய்வில் போய்விடும், மிஞ்சும் பத்தில் ஒரு பங்குதான் பேஸைப் பிடித்து இழுக்கிறது என்பது பழைய பட்டறைக் கணக்கு. பொருக்கு நிறைந்த துளையில் ஸ்க்ரூவைச் சும்மா இறக்கவே 5 இஞ்ச் பவுண்டு கேட்டது என்று வையுங்கள். டார்க் டிரைவர் 20-இல் 'கிளிக்' என்று சொல்லிவிடும், ஆனால் அதில் கால்வாசி பொருக்கோடு மல்லுக்கட்டியதில் போயிருக்கும். கருவி பொய் சொல்லவில்லை, எங்கே செலவானது என்று அதற்குத் தெரியாது. சுடச் சுட அந்தப் பொருக்கு நொறுங்கும், ஸ்க்ரூ தளரும், நீங்கள் ஸ்கோப் மேல் பழி போடுவீர்கள். கடைக்கு ஸ்கோப் சரியில்லை என்று வந்த துப்பாக்கிகளில் நான் முதலில் பேஸ் ஸ்க்ரூவைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

இன்னொரு கணக்கு, உதிர்ந்த பொடியைப் பற்றியது. பேஸுக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு முனையில் 0.05 மி.மீ. துகள் சிக்கியது என்று வையுங்கள், தலைமுடி தடிமன்கூட வராது. பேஸ் நீளம் சுமார் 13 செ.மீ. என்றால் 100 மீட்டரில் அது கிட்டத்தட்ட 4 செ.மீ. விலகல். அதையாவது ஸ்கோப் திருகில் சரிசெய்யலாம், நாளைக்கு அந்தத் துகள் நசுங்கும்போது வரும் விலகலை எப்படிச் சரிசெய்வது? அதனால் மாட்டுவதற்கு முன் ரிசீவர் மேல்புறத்தையும் பேஸ் அடிப்புறத்தையும் துடைத்துவிட்டு விரல்நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்.

திரும்ப மாட்டும்போது லாக்டைட் போடத்தான் வேண்டுமா என்பதில் மட்டும் தொழிலில் இருப்பவர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. சுத்தமான மரை, சரியான டார்க் இருந்தால் பசையே வேண்டாம் என்பவர்கள் உண்டு. என் பழக்கம்: ரிங்கின் மேல் மூடி ஸ்க்ரூவுக்குப் போடுவதில்லை, தயாரிப்பாளர்கள் பலரே அங்கே வேண்டாம் என்கிறார்கள், தளர்ந்தாலும் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. பேஸ் ஸ்க்ரூவோ ஸ்கோப்புக்கும் ரிங்குக்கும் அடியில் மறைந்துவிடும், அதற்கு ஒரே ஒரு துளி. சின்ன ஸ்க்ரூவுக்கென்றே இருக்கும் ஊதா நிற 222 போதும், நீலம் போட்டாலும் குற்றமில்லை, சிவப்பு வேண்டவே வேண்டாம். துளியை ஸ்க்ரூ மரையில் வையுங்கள், துளைக்குள் விடாதீர்கள். முன்பக்கத் துளை வழியாக வழிந்தால் போல்ட் காது உட்காரும் இடத்துக்கே போய்விடும். மாட்டியதும் உள்ளே ஒரு பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்துவிடுங்கள். பசை ஈரமாக இருக்கும்போது மசகு மாதிரி வழுக்கும் என்பதால், அதே டார்க்கில் காய்ந்த ஸ்க்ரூவைவிட அதிகமாக இறுகும். தயாரிப்பாளர் சொன்ன எண் காய்ந்த மரைக்கா, பசை போட்டதற்கா என்று தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லவில்லை என்றால் நான் கீழ் எல்லையில் நிற்பேன். அசிட்டோன் எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டதால் பேஸுக்கு அடியில் ரிசீவர் துருப்பிடிக்கும். துணியில் தொட்ட எண்ணெயை மெல்லிய படலமாக அங்கே தடவுங்கள், துளைப் பக்கம் போகாமல்.

மாட்டிய அன்றே சுடப் போகாதீர்கள், 24 மணி நேரம் விடுங்கள். அக்டோபர் கடைசியில் உங்கள் கராஜ் குளிரில் இறுகுவது இன்னும் தாமதமாகும், ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ என்றாலும் அப்படித்தான், துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். ஸ்க்ரூ தலை ஓரத்தில் கசிந்த பசை மறுநாளும் ஈரமாகவே இருக்கும், காற்று படுவதால் அது இறுகாது, பயப்படாமல் துடைத்துவிடுங்கள். பேஸ் ஸ்க்ரூவில் ஸ்கோப்பை மாட்டிய பிறகும் வெளியே தெரிகிறவற்றின் தலையிலிருந்து பேஸ் வரைக்கும் வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். ரேஞ்சில் 20 ரவுண்டு போட்டபிறகு கோடு இரண்டாக உடைந்திருந்தால் ஸ்க்ரூ திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்று ராத்திரி அந்த நான்காவது ஸ்க்ரூவின் குழியைச் சுரண்டிவிட்டுப் பிட்டைத் தட்டிப் பாருங்கள். சூடு காட்டியும் வராமல் நட்சத்திரக் குழி வட்டமாகத் தொடங்கினால் அதோடு நிறுத்திவிட்டுப் பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். தலை பாதி இருக்கும் ஸ்க்ரூவை எடுக்க அவருக்குப் பத்து நிமிஷம் ஆகும், தலையே இல்லாததற்கு அரை நாள் ஆகும், பில்லும் அப்படித்தான் வரும்.